ஐப்பசிச் சாமையும் மாசிப் புளியும்

பிப்ரவரி 11, 2025. செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக ஏரிப் படத்தின் மூலையைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. இந்தப் பனியில் எண்ணெய் வண்ணம் காய மூன்று வாரம் பிடித்திருக்கிறது. ஆக, ஆறு படங்கள் தயார். மார்ச் இரண்டாம் தேதி ஜமுனாமரத்தூரில் விற்பனை.

ஏழாவதுதான் பெரிய படம். பதினோரு வருடமாகப் பாதியில் நிற்கிறது. கீழே சாமைக் கொல்லை, அது நிவேதா வரைந்தது. மேலே புளியமரமும் வானமும் என் பங்கு. நான்தான் வரையவே இல்லை.

பிப்ரவரி 13

விற்பனையை நடத்தும் தேன்கடை சரவணகுமார் தலைப்புகள் கேட்டுப் போன் செய்தார். 'ஏரி, காலை எட்டு மணி' என்றேன். "இயற்கையின் மடியில்னு வைங்க டீச்சர், உங்க தலைப்பு பஸ் டைம் மாரி இருக்குது" என்றார். சிரிப்பு வந்தது. மாற்றவில்லை.

பிப்ரவரி 16. ஞாயிறு

பெரிய படத்தை எடுத்துக்கொண்டு, அன்று நானும் நிவேதாவும் உட்கார்ந்து வரைந்த அதே பாறைக்குப் போனேன். மரம் முழுக்கப் புளி. மத்தியானத்துக்குள் வரைந்து முடித்துவிட்டேன்.

அன்று இரண்டு பேரும் ஒரே பள்ளியில் புது வாத்தியார்கள், ஒரே அறை. இந்தப் பாறையில்தான் நிவேதா டர்பன்டைன் என்று நினைத்து என் டீயில் தூரிகையை முக்கினாள். நானும் கவனிக்காமல் ஒரு வாய் குடித்துவிட்டேன். அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆகிறது?

பிப்ரவரி 17

பக்கத்துக் கொல்லைக்காரி பெரியம்மாள் மோர் கொண்டுவந்தவர், படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னா டீச்சர் இது? சாமை அறுப்புக்கு நிக்குது, மேல புளி பழுத்து தொங்குது. சாமை வூடு வந்து சேந்த அப்புறந்தான எங்காளு மரத்துல ஏறுவான்? இதுல ஏறுனா சாமைய மிதிச்சிட்டான்னு பஞ்சாயத்துதான் வெக்கணும்."

ஐப்பசியில் நிவேதா பார்த்த கொல்லை. மாசியில் நான் பார்த்த மரம். பன்னிரண்டு வருடம் இந்த மலையில் பாடம் சொல்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை!

பிப்ரவரி 18

இரண்டில் ஒன்று போக வேண்டும்.

பிப்ரவரி 20

வாணியம்பாடியிலிருந்து ஒருவர் பெரிய படத்தைத் தன் விடுதிக்குக் கேட்கிறாராம். நான் சரவணகுமாருக்கு அனுப்பிய போட்டோவைப் பார்த்தாராம். பருவம் தப்பியிருக்கிறது என்றேன். "சாமைய மறைச்சி புல்லாக்கிடுங்க டீச்சர், ஒரு மணி நேர வேல" என்றார் சரவணகுமார்.

பள்ளி விட்டு வந்ததும் பச்சையைக் குழைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிவேதா இடது கைக்காரி. அவள் கதிர்கள் எல்லாம் காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருக்கின்றன. அதைச் சொல்லித்தான் அன்று அவளைக் கேலி செய்தேன், மற்ற டீச்சர்கள் எதிரில். "ஒனக்கு நீ வரையறதுதான் படம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அடுத்து வந்த தை மாதமே அவள் கல்யாணம். பத்திரிகை வந்தது. நான் போகவில்லை. ஏன் போகல? போயிருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும்?

குழைத்த பச்சை தட்டிலேயே கிடக்கிறது.

பிப்ரவரி 22. சனி

சரவணகுமாரிடம் ஆறு தலைப்புகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். பெரியது இன்னும் காயவில்லை என்றேன். பொய்யில்லை, புளியமரம் ஈரமாகத்தான் இருக்கிறது. வாணியம்பாடிக்காரர் காத்திருக்க மாட்டாராம். சரி என்றேன்.

ஈர வண்ணம் அட்டையில் ஒட்டாதபடி பெரிய படத்துக்கு மூலைக்கு ஒன்றாகத் தக்கை வைத்து, மேலே அட்டை மூடிக் கயிறு கட்டியாயிற்று. நாளை முதல் பஸ்ஸில் ஆலங்காயம் போகிறேன். நிவேதா அங்கேதான் இருக்கிறாள். கொல்லை இருக்க வேண்டுமா, மரம் இருக்க வேண்டுமா என்று அவளையே கேட்கப் போகிறேன். கதவைத் திறந்தால் கேட்பேன். திறக்காவிட்டால் — வந்து என் மரத்தை அழித்துவிடுவேன்.