உடன் வந்தவர்

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்கள். நான் கேட்க வந்ததை நேரில் கேட்கவும் எனக்கு வாய் வராது. அதனால் உங்கள் டிப்போ பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் வீட்டுக்கு வந்தபோது உங்கள் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டையைப் பார்த்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறீர்கள். குளியலறைக்குள் போனால் அரை மணி நேரம். அம்மா கேட்டால், "பஸ் ஓட்டுறவனுக்கு இதெல்லாம் சகஜம்" என்கிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் வயிற்று நோய்ப் பிரிவின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்வதுதான் என் வேலை. நாள் முழுக்க ஊரார் குடலைப் பற்றி எழுதுகிறவள், சொந்த அப்பாவிடம் கேட்கக் கூசுகிறேன். வயிறு எரிகிறதா? மலம் என்ன நிறத்தில் போகிறது? ஒரு வரி போதும்.

உங்கள் பூனை


மார்ச் 4

செல்லப் பூனைக்கு அப்பா எழுதுவது.

டிரைவர்கள் ஓய்வறையில் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுகிறேன். என் கண்டக்டர், "யாருக்குண்ணே, காதல் கடிதமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். சத்தமில்லாமல் நடக்கிறாயே என்று உனக்குப் பூனை என்று பேர் வைத்தேன். பூனை இத்தனையும் பார்த்துவைக்கும் என்று தோன்றவில்லை.

பெற்ற மகளுக்கு எழுதுகிற சங்கதியா இது? இரண்டு மாதமாகக் கறுப்பாகப் போகிறது. மூன்று நாளைக்கு ஒருமுறைதான், அதுவும் கல் மாதிரி. நெஞ்சும் எரிகிறது. உன் பெரியப்பாவுக்கும் முதலில் கறுப்பாகத்தான் போனது. ஆறு மாதத்தில் ஆளே போய்விட்டார். அந்த நினைப்பில் சாப்பாடு இறங்கவில்லை. தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது? அம்மாவிடம் மூச்சு விடாதே.

அப்பா


மார்ச் 5

அப்பா,

கறுப்பு என்றால் உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். நீங்களும் நானும் ஊகிக்கிற விஷயமில்லை இது. உங்கள் டிப்போ மேலாளருக்கு நானே போன் செய்து விடுப்பு கேட்டுவிட்டேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கேட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வாருங்கள். இடையில் தலை சுற்றினாலோ, ரத்தமாக வாந்தி வந்தாலோ என்னைத் தேடி வராமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.

நீங்கள் விழுங்குகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். யாருக்கு எழுதிக் கொடுத்ததாக இருந்தாலும் சரி.

பூனை


மார்ச் 8

செல்லப் பூனைக்கு,

வீடு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் அழுதாள். மாத்திரைக் கதையைக் கேட்டதும் அழுகையோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது. "எனக்கு ரத்தம் கம்மின்னு என் பொண்ணு வாங்கி அனுப்பின இரும்பு மாத்திரையை நீங்க எதுக்கு முழுங்கினீங்க?" என்று பிடித்துக்கொண்டாள்.

நான் என்ன செய்ய? குமட்டுகிறது என்று அவள் இரண்டே நாளில் நிறுத்திவிட்டாள். நீ அனுப்பியதைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. சத்து மாத்திரைதானே என்று விடிந்ததும் டீயோடு ஒன்று போட்டுவந்தேன். அதுதான் கறுப்பாக்கியது, மலத்தையும் கட்டியது என்று பையைக் கொட்டிப் பார்த்த டாக்டரே சிரித்துவிட்டார். அப்படியும் விடாமல் மலத்தைப் பரிசோதித்து, வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்து, புண் இல்லை, ரத்தம் இல்லை என்றபோதுதான் எனக்கு மூச்சே திரும்பியது.

நேற்றுத் தட்டைக் காலி செய்து இன்னொரு முறை போட்டுக்கொண்டேன். பெல்ட் சீக்கிரம் பழைய ஓட்டைக்குத் திரும்பிவிடும்.

அப்பா


மார்ச் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் அறிக்கையைத் தட்டச்சு செய்தது நான்தான். 'ரத்தக்கசிவு இல்லை' என்ற வரியை எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன். உங்களுக்கு அடித்துவிட்டு மூன்று முறை படித்தேன். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். நிம்மதியில்தான்.

அதற்காக உங்களை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். கடைசி நிறுத்தம் வரை அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டுவதும், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் இனி வேண்டாம். வீடு வந்து சாப்பிட்ட கையோடு படுப்பதால்தான் நெஞ்சு எரிகிறது. சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். பழமும் காய்கறியும் தினமும் தட்டில் இருக்கட்டும். மாத்திரையை நிறுத்திச் சில நாளாகியும் கறுப்பு மாறவில்லையென்றால் அன்றைக்கே வந்துவிடுங்கள். அம்மாவுக்கு ரத்தம் ஏற வேண்டும், குமட்டாத வேறு மாத்திரை எழுதித் தருவார்கள். அடுத்த முறை அம்மாவையும் கூட்டி வாருங்கள்.

இன்னொன்று அப்பா. இதைச் சொல்லத் தைரியம் வராமல்தான் மேலே இவ்வளவும் எழுதினேன்.

அன்று படிவம் நிரப்பும்போது நர்ஸ் என்னைக் காட்டி, "கூட வந்திருக்கிற இவங்க உங்களுக்கு யாரு?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள், "தெரிஞ்ச பொண்ணும்மா" என்றீர்கள். காலரில் எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையை ஒரு கையால் மூடிக்கொண்டு சொன்னீர்கள். கூட வேலை பார்ப்பவர்கள் முன்னால் எனக்குக் குறைச்சலாகிவிடும் என்று நினைத்தீர்கள். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. பிறகு அறிக்கையிலும் 'உடன் வந்தவர்: தெரிந்தவர்' என்று என் கையாலேயே அடித்தேன்.

இருபதாம் தேதி உங்களை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். டியூட்டி முடிந்து அதே காக்கிச் சட்டையோடு வாருங்கள். யார் என்று கேட்டால் நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள், அப்பா. நான் சொல்கிறேன்.

உங்கள் மகள்