சிங்கம் இல்லாத கொடி

யூத்தி,
மே 20, 2011

அன்பு மகள் சுனில்டாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் மகள் நிமியா சுகம், நானும் சுகம் என்றே வைத்துக்கொள், கடல் தாண்டி மத்ரீதில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசும்போதெல்லாம் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்து வாசலைப் பெருக்கி, காலையில் கொடியேற்றி, சாயங்காலம் இறக்கி, வீட்டுக்கு வந்து மரவள்ளிக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தால் முழங்கால் எழுந்திருக்க விடுவதில்லை. உன் அம்மா போன பிறகு எல்லாம் என் தலையில்தான். பசு கன்று போட்டிருக்கிறது, அதுவும் எனக்கு ஒரு வேலை.

முதல் மார்க் வாங்கின பிள்ளை என்று அணிவகுப்பில் நிமியா பிடிப்பதற்காக நீ அனுப்பிய கொடி வந்து சேர்ந்தது. துணி நல்ல துணி, குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் நட்சத்திரம்தான் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் நீலமும் எத்தனையோ நாட்டுக்கு உண்டு, முன்னால் நட்சத்திரமும் பின்னால் விடுதலைத் தொப்பிக்குக் காவலிருக்கும் சிங்கமுமாக இரண்டு முகம் உள்ள கொடி நமக்குத்தானே மகளே. "விடுதலை வாங்கினா மட்டும் போதாது, காவல் காக்கணும், அதுக்குத்தான் சிங்கம்" என்று உனக்கும் சொல்லிக்கொடுத்த அதே தெயோதோரா டீச்சர்தான் இப்போது தலைமையாசிரியை. கொடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னடி, உங்கம்மா சிங்கத்தை அங்கேயே கட்டிப் போட்டுட்டாளா?" என்று வகுப்பையே சிரிக்க வைத்துவிட்டாள். நிமியா மட்டும் சிரிக்கவில்லை. "கடைக்காரன் ஏமாத்திட்டான், எங்கம்மாவுக்குத் தெரியாதா என்ன" என்று சொல்லி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாளாம். பள்ளிக்கூடத்துப் பழைய கொடியைத்தான் பிடித்தாள். நீ கேட்டால் உன் கொடியைத்தான் பிடித்தாள் என்றே சொல்லச் சொல்லியிருக்கிறாள், எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

பதினைந்தாம் தேதி சுதந்திர நாளும் அன்னையர் நாளும் ஒன்றாக வருவது உனக்குத் தெரியும். அணிவகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வரிசையில் வந்து அவரவர் அம்மாவுக்குப் பூ கொடுத்தார்கள். இவள் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். திரும்பி வரும் வழியில், கை வலித்திருக்குமே என்று கேட்டேன். "வலிச்சா வலிக்கட்டும் தாத்தா. கொடி பிடிக்கிற ஆளு பூ வரிசையில நிக்க வேண்டாம்ல, அதுக்குத்தான் போன வருஷம் பூரா விழுந்து விழுந்து படிச்சேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன், கால்வலி என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று வருஷமாக மே மாதம் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி நீ வரவில்லை. நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவியைப் படுக்கையில் போட்டுவிட்டு வர முடியாது என்பது புரிகிறது. கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை, திட்டத்தான் சக்தி இல்லை.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. மாதா உன்னைக் கைவிட மாட்டாள். ஒன்றை மட்டும் நினைவில் வை, வருகிற வருஷம் நிமியா ஏழாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே கடைசி வருஷத்துப் பிள்ளைகள் கையில்தான் கொடி. அடுத்த மே மாதம் அவள் அந்தப் பூ வரிசையில் நின்றாக வேண்டும்.

உன் அப்பா
எலாதியோ