ஜன்னல் சீட்டு காவ்யாவுக்கு

ஞாயிறு, ஆகஸ்ட் 17

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவே இல்லை, வீடெல்லாம் ஈரவாடை. எஸ்டேட் தேயிலைக் கடையில் டூரிஸ்ட் கூட்டம். கல்லாவில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது. ஒரு வெள்ளைக்காரர் தேத்தண்ணியை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு, சூடு இல்லை என்று சண்டை.

சாயங்காலம் காவ்யா என் போனில் பேங்க் ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, கொஞ்சம் உக்காருங்க" என்றாள். பதறிப்போனேன். யாரோ கார்டைத் திருடிவிட்டான் என்றே நினைத்தேன்.

திருட்டு இல்லை. பாயிண்ட். கார்டைத் தேய்க்கத் தேய்க்கச் சேருமாம். கடல் தாண்டித் திருச்சிக்கு இரண்டு பேர் விமானத்தில் போய்வர டிக்கெட் போடும் அளவுக்குச் சேர்ந்து கிடக்கிறது. எங்கள் வீட்டில் வாங்குவதே அரிசியும் சோப்பும். எப்படி இவ்வளவு? ஆப்பை மூடித் திறக்கச் சொன்னேன். அதேதான். மறுபடியும் மூடச் சொன்னேன். காவ்யா சிரிக்கிறாள்.

போன வருஷம் திருச்சியில் செல்வியக்காவின் புதுவீட்டு கிரகப்பிரவேசத்துக்கு நான் மட்டும் போக இருந்து, விமானம் ரத்து. காசுக்குப் பதில் வவுச்சர் ஒன்றைக் கையில் திணித்தார்கள். என் பேருக்கு மட்டும்தான் செல்லும். இந்த மாதக் கடைசிக்குள் டிக்கெட் போட்டாக வேண்டும். ஆக, வவுச்சரில் நான். பாயிண்ட்டில் அவரும் காவ்யாவும். அக்கா மகள் தேவிக்குக் கல்யாணம் செப்டம்பரில். பள்ளி லீவும் அப்போதுதான். சாமி கண்ணைத் திறந்துவிட்டது.

சீட்டு:
ஜன்னல் - காவ்யா (இப்போதே துண்டு போட்டுவிட்டாள்)
நடு - அவர்
ஓரம் - நான்

அவர் திரிங்காப் தோட்டத்துக் கோஸை லோரியில் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வந்து, விஷயத்தைக் கேட்டார். "ஓசியாவா? மேல ஏத்திட்டு நடுவானத்துல காசு கேப்பான் பாரு." மனுஷனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மீசை காட்டிக்கொடுத்தது.

அக்காவுக்குப் போன் போட்டேன். அழுகிறாள். அக்கா திருச்சிப் பக்கம் வாக்கப்பட்டுப் போனபோது நான் பாவாடை சட்டை. காவ்யாவை அவள் நேரில் பார்த்ததே கிடையாது, எல்லாம் போனில்தான். "நிஜமாவாடி? காவ்யாவைக் கூட்டியாறியா? அளவு ரவிக்கையைப் போட்டோ எடுத்து அனுப்பு." அனுப்பியாகிவிட்டது.

செவ்வாய், ஆகஸ்ட் 19

பனி. எதிர்வீடு தெரியவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பைப்படியில் பக்கத்து வீட்டு அங்கம்மாக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். கொழுந்தெடுக்கிற பொம்பளை, தனிக்கட்டை, யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மத்தியானம் சோத்துக்கு வருவதற்குள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

கோயில் செயலாளர் பத்துமலை, ஃபேக்டரி ஃபிட்டர், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என் காதில் விழவே கேட்டான். "யாரு பாயிண்ட்டு?"

இவனிடம் பேச்சு நின்று இரண்டு திருவிழா ஆகிறது. கோயில் பந்தலுக்கும் லைட்டுக்கும் என் கார்டைத்தான் தேய்த்தார்கள். மேடையில் எல்லாருக்கும் நன்றி சொன்னவன் என் பேரைச் சொல்லவில்லை. இனி இங்கே ப.ம. என்றே எழுதுவேன். முழுப் பேருக்கு மை வீண்.

வாங்க: காவ்யாவுக்கு நல்ல செருப்பு. அவருக்குச் சட்டை. அக்காவுக்குத் தேயிலை, ஸ்ட்ராபெரி ஜாம்.

வியாழன், ஆகஸ்ட் 21



வேலை முடிந்து வந்தால் வீட்டு வாசலில் லயமே நிற்கிறது. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். ப.ம. முன்னால், கையைக் கட்டிக்கொண்டு.

"பூங்கொடி அக்கா, தப்பா எடுக்காதீங்க. அந்தப் பாயிண்ட்டு எங்களுதும்தானே லா."

முதலில் புரியவே இல்லை. பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். "என் மோட்டார் டயரு உங்க கார்டுலதானே வாங்குனோம்?" "எங்க வீட்டு வாஷிங் மெஷினு?" "மக கல்யாணத்து நகைக்கடை பில்லு?" "அம்மனுக்குப் போட்ட பந்தலு?"

உண்மைதான். லயத்தில் கார்டு இருப்பது என்னிடம் மட்டும். எனக்கு மாதச் சம்பளம் என்பதால், கடைக்கு வந்த பேங்க் பையன் கார்டைத் தலையில் கட்டிவிட்டுப் போனான். பிரிஞ்சாங் டவுனில் பெரிய சாமான் வாங்கினாலும், போனில் ஆர்டர் போட்டாலும், காசை என் கையில் கொடுத்துவிட்டு என் கார்டைத் தேய்ப்பார்கள். வருஷக்கணக்காக இதே பழக்கம். உதவி என்றுதான் செய்தேன். யாருக்குமே பாயிண்ட் என்று ஒன்று இருப்பது தெரியாது, எனக்கும் சேர்த்து!

"உங்க காசை உங்களுக்குப் பொருளாக் கொடுத்தாச்சுல்ல? அப்புறம் என்ன?" என்று கத்தினேன். எனக்கே என் சத்தம் பிடிக்கவில்லை.

ப.ம. அமைதியாகச் சொன்னான். "கூட்டு மாதிரிதான் லா இது. எல்லாரும் போட்டது. குலுக்கிப் பாப்போம்."

கூட்டு! மாசாமாசம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, சீட்டுக் குலுக்கி ஒருத்தருக்கு மொத்தமாகக் கொடுக்கிற கூட்டு. இந்த லயத்தில் அதை நடத்துவதே நான்தான். என் கத்தியை எடுத்து என்னையே குத்துகிறான்.

கதவைச் சாத்திவிட்டேன். சோறு இறங்கவில்லை. அவர் மட்டும் நன்றாகச் சாப்பிட்டார்.

வெள்ளி, ஆகஸ்ட் 22

தூறல். கடையில் சில்லறை மாற்றிக் கொடுத்து மேனேஜரிடம் திட்டு.

காவ்யா எனக்கு வக்காலத்து வாங்குவாள் என்று நம்பினேன். ஆப்பில் பழைய கணக்கையெல்லாம் உட்கார்ந்து தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நகைக்கடை. டயர். பந்தல். அங்கம்மாக்கா ஃபிரிட்ஜ். மறுபடியும் பந்தல். எங்கள் வீட்டுச் சாமான் எங்கேயாவது ஒரு மூலையில் தலைகாட்டியது.

"அம்மா, இது ஃபேர் இல்லம்மா."

"எது?"

"நாம எடுத்துக்கிட்டா."

பதினாறு வயசு. ஜன்னல் சீட்டு கேட்ட அதே வாய். அடிக்கலாமா கட்டிக்கொள்ளலாமா தெரியவில்லை. நான் பெற்ற பிள்ளை எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அவரும் அவள் பக்கம்தான். "விடு லா பூங்கொடி. நாளைக்கும் இதே பைப்படியிலதான் நிக்கணும்."

காசு கொடுத்தே வாங்கிவிடலாமா என்று டிக்கெட் விலையைப் பார்த்தேன். பள்ளி லீவு சமயம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். லோரி கியர்பாக்ஸ் மட்டும் போன மாதம் உடையாமல் இருந்திருந்தால்!

ஞாயிறு, ஆகஸ்ட் 24

வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன், கோயிலில் குலுக்கல். வீட்டுக்கு ஒரு சீட்டு. மைலோ டின், நான் கூட்டுக்கு வைத்திருக்கும் அதே டின். எங்கள் வீட்டுச் சீட்டும் அதற்குள். எங்கள் பேர் விழுந்தால் ஒரு டிக்கெட்டாவது மிஞ்சும், காவ்யா வரலாம். அம்மனைப் பார்த்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. எல்லாரும் ஒரே குரலில், "காவ்யா எடுக்கட்டும். அந்தப் புள்ள பொய் சொல்லாது."

எடுத்தாள். பிரித்தாள். அவளே வாசித்தாள்.

முதல் சீட்டு: அங்கம்மா.

இரண்டாவது: பத்துமலை.

மணியடித்தது யார் என்று தெரியவில்லை. காவ்யா டின்னை மூடி என் கையில் கொடுத்தாள், முகம் சாதாரணமாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

கூட்டத்தில் யாரோ, "பத்துமலை, அந்தப் புள்ளைக்கு விட்டுக் கொடுத்திரேன்பா" என்றார்கள். ப.ம. என்னை நேராகப் பார்த்தான். "குலுக்கல்னா குலுக்கல்."

அது என் வசனம். அவன் மோட்டார் உடைந்து கிடந்தபோது, இந்த மாசக் கூட்டை மட்டும் எனக்கு முதலில் கொடுங்கள் என்று வந்து நின்றான். இதே கோயில் வாசலில் வைத்து, இதே வார்த்தையைத்தான் நான் சொன்னேன். அவன் மறக்கவில்லை. நான் மறந்திருந்தேன்.

செவ்வாய், ஆகஸ்ட் 26

அடுத்த இடி. இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் இல்லை! பாஸ்போர்ட் இல்லாமல்தான் இவ்வளவு சண்டையும்.

என் மனசில் ஒரு அற்ப சந்தோஷம், எழுதாமல் இருக்க முடியாது. மாதக் கடைசிக்குள் எடுக்க மாட்டார்கள், டிக்கெட் நமக்கே வரும் என்று கணக்குப் போட்டேன். அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது என் வீட்டுக்காரர். லோரியில் அவர்களை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போய், போன அன்றே கையில் கிடைக்கிற பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்து, நாசி கண்டார் சோறும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்.

"ஒனக்கு யாரு சொந்தம்?" என்று கேட்டேன். குளிக்கப் போய்விட்டார்.

அங்கம்மாக்கா பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். தன் போட்டோவைத் தானே தடவித் தடவிப் பார்க்கிறார். "நான் மலையெறங்கித் தாப்பாவுக்குக் கீழ போயே பல வருஷம் ஆவுது தாயி." அவரிடம் எப்படிக் கோபப்படுவது? ப.ம.விடம் நன்றாகவே முடிகிறது.

வெள்ளி, ஆகஸ்ட் 29

டிக்கெட் போட்டாகிவிட்டது. விசாவும் காவ்யாதான் போனிலேயே போட்டாள். இலவச டிக்கெட்டுக்கும் ஏர்போர்ட் வரி, அந்த வரி, இந்த வரி. "ஓசின்னா எதுக்குக் காசு?" என்று ப.ம. குதித்தான். காவ்யா பொறுமையாக விளக்கினாள். கட்டினான்.

சீட்டு எண் கேட்டது. "ஜன்னல் யாருக்கு?" என்று காவ்யா அவர்களைக் கேட்டபோது நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

புதன், செப்டம்பர் 3

பகலெல்லாம் குளிர். கடையில் கூட்டம் இல்லை.

அக்கா போட்டோ அனுப்பியிருக்கிறாள். காவ்யாவுக்குத் தைத்த பாவாடை தாவணி. மயில் கழுத்துப் பச்சை. "போட்டுப் பாக்க நேரம் இருக்காது, அப்படியே கல்யாணத்துக்குப் போட்டுக்கலாம்."

பதில் எழுதினேன்: "அழகா இருக்குக்கா." அதோடு நிறுத்திவிட்டேன். இன்று சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். நாளைக்குச் சொல்லலாம்.

காவ்யா எட்டிப் பார்த்து, "கலர் சூப்பர்மா" என்றாள். பிறகு பாடம் படிக்கப் போனாள்.

வியாழன், செப்டம்பர் 11

எடுத்து வைத்தது: தேயிலை. ஜாம். தேவிக்குப் பட்டு. மாத்திரை. வவுச்சர் பேப்பர்.

அக்காவிடம்: இன்னும் இல்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம். பெரிய கோழை நான்.

சனி, செப்டம்பர் 13. திருச்சி

அடேயப்பா, வெயில். அங்கம்மாக்கா ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்கிறார். மலைக்காரிக்கு ஸ்வெட்டர்தான் மானமாம்.

விமானத்தில் நடந்தது. ஓரம் அங்கம்மாக்கா, நடு நான், ஜன்னல் பத்துமலை. சேர்ந்து உட்கார வைத்தது காவ்யா வேலை. பேசவில்லை. பெல்ட் மாட்டத் தெரியாமல் அவன் தவித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சொல்லிக் கொடுக்கவில்லை. விமானம் ஓட ஆரம்பித்ததும் ஜன்னலைச் சடாரென்று மூடிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். எலும்பு நொறுங்குகிற பிடி. "மாரியாத்தா, தாயே, மாரியாத்தா." மேலே போய் நேரானதும்தான் விட்டான். முகமெல்லாம் வேர்வை.

"அக்கா, இதுக்கா லா நான் சண்டை போட்டேன்?"

சிரித்துவிட்டேன். இரண்டு திருவிழாவுக்குப் பிறகு. ஜன்னலை அவன் கடைசிவரை திறக்கவே இல்லை.

வெளியே வந்தோம். கூட்டத்தில் அக்கா. தலை நரைத்திருக்கிறாள், போனில் தெரியவில்லை. கையில் வாழையிலையில் பொதிந்த மல்லிகைச் சரம். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் கட்டிக்கொள்ளவில்லை. என் தோளுக்கு மேலே பார்க்கிறாள். எனக்குப் பின்னால் பத்துமலை. அவனுக்குப் பின்னால் அங்கம்மாக்கா. அதற்கும் பின்னால், கதவையே பார்க்கிறாள்.

"காவ்யா எங்கடி? பெட்டி எடுக்கறாளா?"

கதவு திறந்து திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் அக்கா எட்டிப் பார்க்கிறாள்.

பத்துமலைதான் முன்னால் வந்தான். கையைக் கட்டிக்கொண்டு, அன்று என் வாசலில் நின்ற மாதிரியே. "அம்மா, உங்க புள்ள வரல. அவ சீட்டுலதான் நான் வந்துருக்கேன். குலுக்கல்ல எனக்கு விழுந்துச்சு. அவளேதான் எடுத்துக் கொடுத்தா."

அக்காவுக்கு எதுவும் விளங்கவில்லை. பாயிண்ட், கூட்டு, மைலோ டின், எதை எங்கிருந்து சொல்வது? என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பொட்டலத்தைப் பிரித்து, சரத்தை எடுத்து அங்கம்மாக்காவின் கொண்டையில் வைத்துவிட்டாள்.

"வெச்சுக்குங்க. சாயங்காலத்துக்குள்ள வாடிடும்."

இப்போது அக்கா வீடு. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். பச்சைப் பாவாடை தாவணி கட்டிலில் மடித்தபடி இருக்கிறது. காவ்யாவிடமிருந்து மெசேஜ்.

"பெரியம்மா என்னைக் கேட்டாங்களாம்மா?"