எஞ்சினை மாத்தச் சொன்னன்

மச்சான்,

இவ்வளவு வருசமா உனக்கு ஏன் முகம் காட்டேல்லை எண்டு இப்ப சொல்லுறன்.

அப்பாவின்ரை மொறிஸ் கார் போன கிழமை கைதடியிலை சூடேறி நிண்டிட்டுது. "எஞ்சின் ஹெட் வெடிச்சுப் போச்சு. ஒட்டித் தாறதோ, வேறை எஞ்சின் போடுறதோ அண்ணை?" எண்டு மெக்கானிக் அன்ரன் கேட்டான்.

சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்விலையும் அங்கைதான் இந்தக் கார் கொதிச்சது. உள்ளுக்கை வருத்தமாக் கிடந்த உன்ரை அம்மா தண்ணி கேட்டா. "முடிஞ்சுது" எண்டன். நீ நம்பி, தண்ணி தேடி ஓடினாய். திரும்பி வாறதுக்குள்ளை அவ கண்ணை மூடீட்டா.

போத்திலிலை தண்ணி இருந்தது, மச்சான். நீ ஓடின பிறகு நான் அதை ரேடியேற்றருக்கை ஊத்தினனான். அவ பாத்துக்கொண்டு கிடந்தா.

அந்தத் தண்ணியைக் குடிச்ச எஞ்சினை வைச்சிருக்க மனம் வரேல்லை. கழட்டச் சொல்லிப்போட்டன். புது எஞ்சின் சத்தமில்லாமல் ஓடுது. அதாலை அவ தண்ணி கேக்கிறது இன்னும் தெளிவாக் கேக்குது.

உன்ரை பழைய கூட்டாளி