பச்சைக் குடல்

மம்பட்டியைக் கழுவிச் சுவரில் சாத்திவிட்டு, ராசிபுரம் போயிருந்த கணவன் மணிமாறனுக்குக் காலண்டர் தாளில் எழுதினாள் உஷாராணி. அழுத்திய அழுத்தில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது.

“ஏனுங்க, நம்ம நாய் சிப்பாய் ஒம்பது கோழியையும் கழுத்தைக் கடிச்சுக் கொன்னு போட்டுருச்சு. விறகு மிச்சம் பண்றேன்னு கோழிக்குடலை வேக வைக்காம, பச்சையாவே போட்டுப் பழக்குனது நீங்க. வேண்டாமுன்னு எத்தனை சண்டை போட்டேன்.

பச்சை ரத்தம் பழகுன நாயை வச்சுக்கிட்டு இனிக் கோழி வளர்க்க முடியாது. மம்பட்டியில அடிச்சேன். ஒரே அடியில போகல, மூணு அடி ஆச்சு. வேலியோரம் கெடக்குது. குழி நீங்க வெட்டுங்க.

சட்டியில கோழிக்குழம்பு இருக்குது. கடிச்ச இடத்தையெல்லாம் அரிஞ்சு எறிஞ்சுட்டேன். மீதியை உப்புக்கண்டம் போட்டுக் கொடியில கட்டியிருக்கறேன். கடையில எதையும் வாங்காம பொழைக்கலாமுன்னு காட்டுக்கு வந்துட்டு, தூக்கியா எறிய முடியும்? தின்னுங்க.

கூடையில இருக்கற முட்டையைத் தொடாதீங்க. சேந்தமங்கலத்துல எங்கக்கா ஊட்டுல அடைக்கோழி கேட்டு வாங்கியாரேன். சாவி தண்ணித்தொட்டி மேல இருக்குது.”

பூட்டிய கதவின் இடுக்கில் தாளைச் செருகிவிட்டுச் செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள். தாளில் இடமில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

“நான் கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கிட்டேதான் வந்துச்சு.”