மரக்குழந்தைகளுக்கு முகம் துடைக்கிறேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

சின்னவன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை முழுங்குகிறாரா, சட்டைப் பையிலேயே சேர்த்து வைக்கிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது முந்நூறு வருஷத்துப் பழைய சர்ச் ஒன்றில் வேலை. பீடம் முழுக்க மரச்சிற்பம். முறுக்கிய தூண், திராட்சைக் கொத்து, சுருள் இலை என்று விரல் வைக்க இடம் விடாமல் செதுக்கி, தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்கள். நடுநடுவே இறக்கை முளைத்த கொழுகொழு குழந்தைகள், நாற்பத்தொரு பேர். மெழுகுவர்த்திப் புகையில் எல்லாருக்கும் கரி முகம். அதைத் துடைப்பதுதான் என் வேலை.

எதை வைத்துத் துடைக்கிறேன் தெரியுமா? எச்சிலை வைத்து.

"மருந்து போட்டா தங்கம் உரிஞ்சிடும். எச்சில்தான் பதமா அழுக்கை எடுக்கும். பஞ்சை நாக்குல தொட்டுக்கோ" என்றார் மேஸ்திரி.

சாமி இருக்கிற இடத்தில் எச்சிலா என்று சாரத்தை விட்டு இறங்கிவிட்டேன். "அப்ப மூட்டை தூக்கப் போ" என்றார். மறுபடி ஏறினேன்.

டம்ளரில் வாய் வைத்தாலே திட்டுகிறவள் நீ. ஆனால் பள்ளிக்கூட வாசலில் முந்தானை நுனியை நாக்கில் தொட்டு என் கன்னத்தைத் துடைப்பாயே. மூன்றாவது குழந்தையைத் துடைக்கும்போது அது ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் கை கூசவில்லை. நான் திமிறுவேன், இதுகள் திமிறுவதில்லை.

இங்கே தருகிற பஞ்சு இழை இழையாகப் பிரிகிறது. உன் பழைய நூல் புடவை ஒன்று அனுப்பேன். மேஸ்திரி கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

புடவையைத் துவைக்க வேண்டாம், கட்டி அவிழ்த்தபடியே அனுப்பு. இங்கே நானே துவைத்துக்கொள்கிறேன்.

உன் சின்னவன்