வைக்கோல் கன்றைப் பிடித்த கை

அக்கா,

அதிரசத்துக்கு வெல்லப் பாகு கொதிக்கும் வாசனை வந்தால் போதும், எனக்கு உன் நினைவு வந்துவிடும். நேற்றும் அப்படித்தான். பாகு நுரைத்துக்கொண்டிருந்தபோது என் மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள். பால், தயிர், நெய், கறி எதையும் தொடாத பெண். பட்டணத்தில் இப்போது இப்படிப் பலர் இருக்கிறார்களாம். "அத்தை, இதுல நெய் போடுவீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. போடாத நெய்க்கே நாக்கு தடுமாறியது.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் திருப்புலிவனத்தில் ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்த நம் இருவரில், இதே கேள்வியை என்னிடம் கேட்டவள் நீ.

நீயும் இவளைப் போலத்தான், ஆனால் பிறந்ததிலிருந்தே அப்படி இல்லை. சொம்பு சொம்பாக மோர் குடித்தவள்தான். செவலைப் பசுவின் கன்று செத்துப்போன வருஷம் மாமனார் அதன் தோலை உரிக்கக் கொடுத்து, உள்ளே வைக்கோல் அடைத்துத் தைத்து வாங்கி வந்தார். ஊரில் எல்லோரும் செய்கிறதுதான். கன்று இல்லையென்றால் மாடு பாலை அடக்கிவிடும். நீ கறக்க உட்கார்ந்தாய். அந்த வைக்கோல் கன்றை மாட்டின் முகத்தருகே பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மாடு அதை நக்க ஆரம்பித்தது. பால் இறங்கியது. நீ பாதியில் எழுந்துவிட்டாய்.

"எப்டி நக்கிக்கினு கீது பாருடி. நம்ம மூஞ்சியப் பாத்துதானே நம்புது" என்றாய்.

அன்று சாயங்காலம் காப்பியை வேண்டாம் என்றாய். பிறகு மோர், நெய், கடைசியில் கறியும் போயிற்று. நம் மாமியார் உன்னைப் பேசாத பேச்சில்லை. உன் வீட்டுக்காரரோ "பேஜார் பண்ணாதடி" என்பதோடு சரி. நீ யாரோடும் சண்டை போடவில்லை. மல்லாட்டைக் கடலையை வேகவைத்துத் தின்றுகொண்டு உன்பாட்டுக்கு இருந்தாய்.

ஆனால் அடுப்படியில் நீ என்னைச் சிரிக்கவைத்த மாதிரி வேறு யாரும் சிரிக்கவைத்ததில்லை. தீபாவளிக்கு மாமனார் ஆட்டுக்கறி எடுத்து வந்தால், "செத்தவன் நரகாசுரன். அதுக்கு ஆடு இன்னாத்துக்குடி சாவணும்?" என்பாய். பாரதக் கூத்தில் பகாசுரனுக்கு வண்டியில் சோறு போகும்போது என் இடுப்பில் இடிப்பாய். "அந்த ரெண்டு மாட்டையும் ஆளையும் வுட்டுட்டு சோத்த மட்டும் துன்னிருந்தான்னா பீமன் ஏன்டி வரப்போறான்?" எருமைத்தலை மகிஷாசுரன் வீட்டில் காப்பிக்கு யாரைக் கறப்பார்கள் என்று ஒரு நாள் கேட்டாய். "சொம்ப எடுத்துக்கினு போனா அவங்கம்மாவா இருக்கும்டி!" என்று நீ சொன்னதில் எனக்குப் புரையேறிவிட்டது. மாமியார் கூடத்திலிருந்து கத்தினாள்.

அசுரன் பக்கம் பேசுவதே உனக்கு வேலை. "துன்னப் போறேன்னு சொல்லிட்டுத்தான் துன்றான். இனிக்க இனிக்கப் பேசி ஏமாத்த மாட்டான்" என்பாய். "மாரீசன் மான் வேஷம் போடலையா?" என்று நான் மடக்கினால், "அவன் ஒருத்தன் மனுசங்களோட சேந்து கெட்டான்" என்பாய்.

அப்புறம் நீ முழுகாமல் இருந்தாய். ஐந்தாம் மாசம் தீபாவளி நோன்பு வந்தது. நீ மெலிந்துபோயிருந்தாய். மாமியார் என்னைத் தனியாக அழைத்தாள்.

"வயித்துல கீற புள்ள இன்னாடி பண்ணுச்சி? நோம்பு மாவுல நெய்ய ஊத்து. ஏலக்காய தூக்கலா போடு, தெரியாது" என்றாள்.

அவளுக்குப் பயந்தேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன். அது பாதிதான். உன் கன்னம் ஒட்டியிருந்ததைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. ஊற்றினேன். சுட்டு எடுத்தேன். நீ கையில் வாங்கி முகர்ந்து பார்த்து, "நெய் எதுனா போட்டியாடி?" என்றாய்.

"இல்லக்கா."

"நீ சொன்னா சரி" என்று சொல்லி நான்கு அதிரசம் தின்றாய். இந்த வருஷம் மெத்தென்று இருக்கிறது என்றாய். அதன் பிறகு மாசாமாசம் ஏதாவது ஒன்றில் கலந்தேன். பொய் பழகிவிட்டது அக்கா.

பிள்ளை கொழுகொழுவென்று பிறந்தான். பார்க்க வந்தவர்களிடம் மாமியார் பெருமையோடு போட்டு உடைத்துவிட்டாள். "இவ பட்டினிக்கா பொறந்தான்? சின்னவ கையால மாசாமாசம் நெய் ஊட்டினேன்!"

நீ அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, சத்தம் போடாமல் சொன்னாய்: "அன்னிக்கும் கன்னுக்குட்டிய நீதான் புடிச்சிக்கினு இருந்த."

அவ்வளவுதான். ஒரு திட்டு திட்டியிருக்கலாம், ஒரு அறை அறைந்திருக்கலாம். மறுநாள் முதல் உன் சோற்றை நீயே தனியாகப் பொங்கிக்கொண்டாய். என் பிள்ளைகளுக்குத் தலைவாரினாய், எனக்குக் காய்ச்சல் வந்தபோது பத்தியம் வைத்துக் கொடுத்தாய். என் கையால் மட்டும் ஒன்றும் வாங்கித் தின்னவில்லை. அசுரன் பேச்சும் நின்றுவிட்டது. அடுத்த பாரதக் கூத்தில் பகாசுரன் வண்டி வந்தபோது என் இடுப்பில் இடி விழும் என்று காத்திருந்தேன். நீ தெருவின் அந்தப் பக்கம் நின்றிருந்தாய். மன்னிப்புக் கேட்க ஏழு வருஷம் இருந்தது. ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

பிறகு உனக்குக் காமாலை கண்டது. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாப்பாடு கொண்டுவர என்னைத் தவிர வேறு ஆளில்லை. "காமாலைக்கு மோர்தான்டி. கஞ்சியில கலந்து குடுத்துடு, கேட்டா இல்லன்னு சொல்லு" என்றாள் மாமியார். நான் கலக்கவில்லை. மோர் போயிருந்தால் பெரியவள் பிழைத்திருப்பாள், சின்னவள்தான் கெடுத்தாள் என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியும் இருக்குமோ என்று சில நாள் எனக்கே தோன்றும்.

கஞ்சித் தம்ளரை உன் வாயருகே கொண்டுவந்தேன். நீ கேட்பாய், சொல்ல வேண்டும் என்று வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். ஏழு வருஷத்து மன்னிப்பும் அதோடு வந்துவிடும் என்று நம்பினேன். நீ தம்ளரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், கேட்காமலே குடித்தாய். என்னை நம்பியா, கேட்கத் தெம்பில்லாமலா, எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் நீ இல்லை.

நேற்று என் மருமகளிடம், "நெய் இல்லம்மா, மல்லாட்டை எண்ணெய்தான்" என்றேன். "நீங்க சொன்னா சரி, அத்தை" என்று சொல்லி ஒன்றை எடுத்துக் கடித்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அது வெறும் கஞ்சிதான், அக்கா. அரிசி, தண்ணீர், உப்பு. வேறொன்றும் இல்லை.